மலை ஏறி வேலைக்குப் போகிறவர்களுக்கு: கிளினிக் நேரம், பரிசோதனை, மருந்து, அவசரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறி குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஏலத்தோட்டங்களுக்குப் போய் பொழுது சாயத் திரும்புகிறவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனத்தில் வைத்து எழுதியது இது. காய்ச்சலுக்கு மேலே கேரளாவில் ஒரு சீட்டு, சுகருக்குக் கீழே தமிழ்நாட்டில் ஒரு சீட்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இங்கே வருகிற சிக்கல்களில் பலவும் அதிலிருந்து கிளம்புபவைதான். கவுண்டரில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

கிளினிக் நேரம் மாறிவிட்டதாமே?

ஆமாம். திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் 1 வரை, மாலை 5.30 முதல் 9 வரை. ஜீப் இறங்கி, கைகால் கழுவிவிட்டு வர நேரம் வேண்டும் என்பதால் மாலை நேரத்தை நீட்டியிருக்கிறோம். ஞாயிறு காலை 8 முதல் 12 வரை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் ரத்தம் எடுப்பது அதிகாலை 5 மணிக்கே தொடங்கும். வந்து, கொடுத்துவிட்டு, நேரே ஜீப்புக்குப் போய்விடலாம்.

டோக்கன் வரிசையை மீறி யாரை உள்ளே விடுகிறீர்கள்?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனது, வாய் கோணியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து பட்டு வாந்தியோ வியர்வையோ வருவது, நிற்காத ரத்தம், வலிப்பு, துவண்டு கிடக்கும் குழந்தை. இவர்களுக்கு டோக்கனே வேண்டாம். கவுண்டரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "வரிசையில் நிக்கிறாங்களே, எப்படிப் போறது" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

சுகர் டெஸ்டுக்கு எத்தனை மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும்?

குறைந்தது 8 மணி நேரம், அதிகம் போனால் 12. இரவு 8.30க்குச் சாப்பாட்டை முடித்தால் காலை 5 மணிக்கு ரத்தம் கொடுக்கலாம். வெறும் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை போடாவிட்டாலும் காப்பி, டீ கூடாது. பீடியும் கூடாது. அன்று காலைக்குரிய சுகர் மாத்திரையை ரத்தம் கொடுக்கும் முன் போடாதீர்கள். பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம்.

சாப்பிட்ட பிறகு எடுக்கும் டெஸ்டில்தான் குழப்பம் அதிகம். இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. கை கழுவிய நேரத்திலிருந்து இல்லை. வேலைக்குப் போகிற நாளில் அந்த நேரத்தில் நீங்கள் மலையில் இருப்பீர்கள். அதனால் இந்த டெஸ்டை ஞாயிறன்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதவர்களுக்கு எச்.பி.ஏ.1.சி. போதும். மூன்று மாதச் சராசரியை அது காட்டும், பட்டினி தேவையில்லை, எந்த நேரத்திலும் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: கடுமையான ரத்தசோகை இருந்தாலோ, அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இரவெல்லாம் அடுப்புப் பார்க்கிறவர்கள் இடையிடையே டீ குடித்திருப்பார்கள். அவர்களுக்கு அதிகாலை ரத்தம் பட்டினிக் கணக்கில் வராது. தூங்கி எழுந்த பிறகு வாருங்கள்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டும் காலையில் மலை ஏறும்போது கண்ணைக் கட்டுகிறது. ஏன்?

பெரும்பாலும் மாத்திரை போடும் நேரம்தான் காரணம். அதிகாலை 5.30க்கு ஒரு டீயோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, தூக்குவாளியில் கட்டியதை 9 மணிக்குத்தான் திறக்கிறீர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்ப்பதில்லை. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளிவிடும். சோறு வரவில்லை, உடம்பு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது, சுகர் சரிகிறது. கை நடுக்கம், குப்பென்ற வியர்வை, பசி, படபடப்பு, காரணமில்லாத கோபம் எல்லாம் 70க்குக் கீழே போவதன் அடையாளம்.

செய்ய வேண்டியது: அந்த மாத்திரையை டீயோடு போடாமல், முதல் சாப்பாட்டுக்குச் சற்று முன் போடுங்கள், 9 மணிக்குச் சாப்பிட்டால் 8.45க்கு. மெட்பார்மினைச் சாப்பாட்டின் நடுவிலோ முடித்த உடனேயோ போட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். நேரத்தை மாற்றுமுன் சீட்டை ஒருமுறை காட்டிவிடுங்கள். பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும் மாத்திரைகள் நிறைய.

மூன்று டீஸ்பூன் சீனியைப் பொட்டலமாகக் கட்டி மடியிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் உட்கார்ந்து, சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு பொட்டலம். தெளிந்ததும் ஏதாவது திடமாகச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி சரியும். சாக்லேட்டும் பிஸ்கட்டும் அவசரத்துக்கு மெதுவானவை. நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும்.

பலர் அறியாத ஒன்று: உங்கள் மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயரும் சேர்ந்திருந்தால், சீனி வேலை செய்யத் தாமதமாகும். சீனியைக் குடலில் உடைக்கவிடாமல் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலையே. அப்படிப்பட்டவர்கள் குளுக்கோஸ் பவுடரைத்தான் வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. இன்சுலினை எங்கே வைப்பது?

திறக்காத பாட்டிலுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். தெரிந்த கடையிலோ பக்கத்து வீட்டிலோ பிரிட்ஜின் கதவுத் தட்டில் வையுங்கள், பிரீசரில் வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் வேலைக்கு ஆகாது. உபயோகத்தில் இருக்கும் பாட்டிலை வெளியிலேயே சுமார் 28 நாள் வைத்துக்கொள்ளலாம், வெயிலும் 30 டிகிரிக்கு மேல் சூடும் படாதவரை. பள்ளத்தாக்கில் சித்திரை வெயிலுக்கு மண்பானைதான் வழி. பெரிய பானையில் பாதி மணல் போட்டு நனைத்து, அதற்குள் சின்னச் சட்டியை வைத்து, பாட்டிலை நனையாதபடி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அதற்குள் வையுங்கள். மேலே ஈரத்துணி. மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். ஜீப் டேஷ்போர்டில் வைத்த இன்சுலினைத் தூக்கிப்போடுங்கள்.

சிரிஞ்ச் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டிலில் வரும் இன்சுலின் நம் நாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கு 40 என்று எழுதிய, சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடுவது ஒரு மில்லியில் 100 யூனிட். 100 சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 40 யூனிட் மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சுகர் ஏறிக்கொண்டே போகும், டோஸைக் கூட்டிக்கொண்டே போவோம். மாற்றிச் செய்தால், அதாவது 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 வரை இழுத்தால், 50 யூனிட் போய்விடும். அது ஆளைச் சாய்த்துவிடும். மருந்து வாங்கும்போது பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் பாருங்கள். கலங்கலாக இருக்கும் 30/70 வகையை உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டிக் கலக்குங்கள், குலுக்க வேண்டாம்.

பிரஷர் இங்கே ஒன்று காட்டுகிறது, மேலே பார்த்தால் வேறொன்று காட்டுகிறது. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஓடி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்த உடனே பார்த்தால் கூடத்தான் இருக்கும். பார்ப்பதற்கு அரைமணி முன்பிருந்து காப்பி, டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் உட்கார வேண்டும். கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்ப்போம். எண்ணோடு தேதியையும் நேரத்தையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கேரளாவில் எழுதிக் கொடுத்த சீட்டை நீங்கள் பார்ப்பீர்களா? இங்கே மருந்து வாங்கலாமா?

பார்ப்போம், வாங்கலாம். பதிவு பெற்ற மருத்துவர் எழுதியது எந்த மாநிலத்திலும் செல்லும். மருந்தின் பெயரைப் படிப்பது எளிது. கவரில் மலையாளத்தில் எழுதிய வேளைக் குறிப்புதான் வீட்டுக்கு வந்ததும் தடுமாற வைக்கிறது. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும்போது இவற்றை நினைவில் வையுங்கள்: ராவிலெ என்றால் காலை, உச்சய்க்கு மதியம், வைகிட்டு சாயங்காலம், ராத்ரி இரவு. பக்ஷணத்தினு மும்பு என்றால் சாப்பாட்டுக்கு முன், சேஷம் என்றால் பின். அர என்பது அரை மாத்திரை. பனி என்றால் காய்ச்சல், மார்கழிப் பனி அல்ல. "பனி உண்டோ?" என்று நர்ஸ் கேட்டதற்கு "மேலே ரொம்பப் பனிதான்" என்று பதில் சொல்லி, காய்ச்சலே இல்லாதவர் காய்ச்சல் என்று பதிவாக வாய்ப்பு உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து இரட்டை டோஸ். ஒரே மருந்து பத்துப் பெயரில் விற்கிறது. கீழே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் வாங்குகிறீர்கள். மேலே ஒரு டாக்டர் டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதுகிறார். பெயர் வேறு, நிறம் வேறு, அதனால் இரண்டையும் விழுங்குகிறீர்கள். ஒரு வாரத்தில் கால் வீங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. வலி மாத்திரையிலும் இதே கதை. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர்; மருந்தின் உண்மையான பெயர் வேறு இடத்தில், பல சமயம் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த எழுத்தைத்தான் ஒப்பிட வேண்டும். சுலபமான வழி: வரும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வாருங்கள். காலி அட்டையையும்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, தினமும் போடும் மருந்து. எந்த மாநிலத்து டாக்டரானாலும் அதில்தான் எழுதச் சொல்லுங்கள்.

மேலே மெடிக்கல் ஷாப்பில் ஆண்டிபயாடிக் தர மறுக்கிறார்கள். இங்கே நீங்கள் தருவீர்களா?

அவர்கள் செய்வது சரி. சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது நாடு முழுவதற்கும் உள்ள சட்டம். கேரளாவில் கெடுபிடி சற்று அதிகம். சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் நாங்களும் எழுதுவதில்லை. எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை போடுங்கள், மிச்சம் வைத்து அடுத்த காய்ச்சலுக்கு எடுக்காதீர்கள்.

காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் பார்க்கலாம்? எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்?

தோட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டு நாளுக்கு மேல் வீட்டில் பார்க்க வேண்டாம். இந்தப் பக்கம் மூன்று காய்ச்சல்களைத் தனியாக யோசிக்க வேண்டும்.

எலிக்காய்ச்சல், மலையாளத்தில் எலிப்பனி. எலி மூத்திரம் கலந்த தண்ணீர், சேறு வழியாகக் கால் வெடிப்பிலும் காயத்திலும் நுழைவது. திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் தொட்டால் கத்துகிற வலி, பீளை இல்லாமல் சிவந்த கண். மூத்திரம் குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் தடுப்பாகத் தருவதுண்டு. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஆகாது. சாப்பிட்டுவிட்டு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டு, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும்.

ஸ்கிரப் டைபஸ், மலையாளத்தில் செள்ளுபனி. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்புக் கயிறு படும் இடம் எல்லாம் அது ஒளியும் இடங்கள். பெண்கள் சங்கடப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். வீட்டிலேயே கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது. சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் பிடிக்கும்.

டெங்கு. முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். டெஸ்ட். பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, ஊசி எதுவும் கூடாது. டைக்ளோபெனக், இபுபுரூபன், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமாக இருக்க வேண்டும். "காய்ச்சல் போயிருச்சு" என்று வேலைக்குக் கிளம்பும் அந்த ஓரிரு நாளில்தான் ரத்த அழுத்தம் சரியும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து தூங்குவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

பூச்சிமருந்து மேலே பட்டுவிட்டால்?

ஹோஸ் பிடிப்பவரைவிட, பேரலில் மருந்து கலக்குகிறவருக்குத்தான் பட வாய்ப்பு அதிகம். அவர் கையில் இருப்பது தண்ணீர் கலக்காத மருந்து. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், குடித்திருக்க வேண்டியதில்லை. கண்மணி கடுகளவாகச் சுருங்குவது, பார்வை மங்கல், எச்சில் வழிவது, வியர்வை, வாந்தி, பேதி, தசை துடிப்பது இதெல்லாம் அறிகுறி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இரவிலும் தொடங்கலாம்.

முதலில் ஆளை மருந்து அடித்த இடத்திலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். நனைந்த சட்டை, லுங்கி, தலைத்துண்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். சோப்பும் நிறையத் தண்ணீரும் போட்டுத் தலைமுடி, நகக்கண், காது மடல் உட்படக் கழுவுங்கள். உதவி செய்கிறவர் கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம். எண்ணெய் தேய்ப்பது, பால் கொடுப்பது, உப்புத்தண்ணீர் குடிக்கவைத்து வாந்தி எடுக்கவைப்பது வேண்டாம். டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்து வாருங்கள். லேபிளில் முக்கோணம் சிவப்பானால் கடும் விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகக் குறையும். ஆனால் வைத்தியத்துக்கு நிறத்தைவிட மருந்தின் பெயர்தான் முக்கியம். எல்லா விஷத்துக்கும் அட்ரோபின் என்ற முறிவு மருந்தைப் போட முடியாது.

அந்தத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.

பாம்பு கடித்தால் மேலே போவதா, கீழே இறங்குவதா?

எந்த அரசு மருத்துவமனை நேரத்தில் நெருக்கமோ அங்கே. தோட்டம் கட்டப்பனை, நெடுங்கண்டம் பக்கமானால் அங்குள்ள தாலுகா மருத்துவமனை. எல்லைக் கணவாயான மெட்டுக்கு அருகில் என்றால் கம்பம் அரசு மருத்துவமனை. ஆதார் எந்த மாநிலம் என்று யாரும் பார்ப்பதில்லை. கிளம்பும்போதே போன் செய்து விஷமுறிவு மருந்து இருப்பு உண்டா என்று ஒருவர் கேட்டுவிட்டால், மலைச்சாலையில் இரண்டு முறை அலைவது மிச்சம். எங்கள் கிளினிக்குக்கு வந்தாலும் நாங்கள் அனுப்பத்தான் செய்வோம்.

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாணைக் கழற்றுங்கள். வீங்கினால் அதுவே கத்தியாகும். கடித்த கையையோ காலையோ ஒரு குச்சி வைத்து லேசாகக் கட்டி அசையாமல் வைத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு போங்கள். நடக்கவிட வேண்டாம்.

மேலே உள்ள ஆஸ்பத்திரியில் பாம்பின் பெயர் கேட்டால்: மூர்க்கன் என்றால் நல்லபாம்பு, அணலி என்றால் கண்ணாடிவிரியன், வெள்ளிக்கெட்டன் என்றால் கட்டுவிரியன். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) தரையில் படுத்திருந்து நடுராத்திரி கடி பட்டால் கட்டுவிரியனைச் சந்தேகப்பட வேண்டும். வலி இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்குவது என்று வரும். ஏலக்காட்டுச் சருகில் இருக்கும் இன்னொரு பாம்பு முழமூக்கன், கூம்பிய மூக்குள்ள குட்டைக் குழிவிரியன். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கண்ணாடிவிரியன், கட்டுவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கானது. முழமூக்கன் விஷத்துக்கு அது வேலை செய்யாது, சிறுநீரகத்தைத்தான் கவனிக்க வேண்டும். அதனால் தள்ளி நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் நல்லது. அடிக்கப் போய் இன்னொருவர் கடி வாங்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். "சும்மா வச்சிருக்காங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள். ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை.

நாய் கடித்து மேலே முதல் ஊசி போட்டாகிவிட்டது. மீதியை இங்கே போடலாமா?

போடலாம். முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து, தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. இரண்டு மாநிலத்து அரசு மருத்துவமனையிலும் இதே கணக்குதான். கம்பெனி மாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒரு நாள் தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையைத் தொலைத்துவிட்டு வருவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. போட்ட அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது ஊசியைப் போலவே முக்கியம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள் அது போட்டாக வேண்டும். அது எங்களிடம் இல்லை, அரசு மருத்துவமனையில் கிடைக்கும். முன்பு முழுக்க ஊசி போட்டவர்களை மறுபடி கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாள் மட்டும் போதும்.

அட்டை கடித்து ரத்தம் நிற்கவில்லை.

அட்டை விடும் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் உண்டு. சுத்தத் துணியால் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கு இன்னும் நேரமாகும்.

108ஐ அழைத்தால் மலையாளத்தில் பேசுகிறார்கள். என்ன செய்வது?

மெட்டுப் பகுதியில் போன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கே அழைப்பு போகலாம். துண்டிக்காதீர்கள். முதல் வார்த்தையாக "தமிழ்நாடு பக்கம்" அல்லது "கேரளா பக்கம்" என்று சொல்லுங்கள்; பிறகு பக்கத்து ஊர், எஸ்டேட் பெயர், வண்டி வரக்கூடிய கடைசி இடம். ஜீப் மட்டும் போகும் பாதையானால் நோயாளியைத் தார்ச்சாலை வரை கொண்டுவந்து அங்கே சந்திப்பது விரைவு. பிரசவம், பக்கவாதம், நெஞ்சுவலிக்குக் கீழே இறங்கினால் பெரிய மருத்துவமனை கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி. தேனி தாண்டி, ஆண்டிபட்டி போகும் வழியில் இருக்கிறது. பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கேரளாவில் செல்லுமா?

அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் மட்டுமே செல்லும். சேருமுன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்ற வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதிவு செய்ய வேண்டும். குடும்பத் தலைவரை வேலை நாளில் இழுக்க முடியாது என்று தள்ளிப்போடும் வீடுகள் நிறைய. நோய் வந்த பிறகு ஓடுவதைவிட ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

ஜீப் விபத்துக்கு: "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தால் இது பொருந்தாது.

வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கும் அக்கா வரும்போது நான் வேலையில் இருக்கிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டிலிருப்பவரிடம் கொடுப்பார்கள். ஆனால் அளந்து பார்க்க நீங்கள் இருக்க வேண்டும். ஞாயிறு வரச் சொல்லி அவரிடமே பேசிக்கொள்ளுங்கள். இங்கே தரும் மாத்திரையும் அதுவும் ஒன்றா என்று எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள்.

கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை.

எதோடு போடுகிறார் என்று பாருங்கள். கட்டன் சாயாவோடு (பால் சேர்க்காத டீ) போட்டால் இரும்பு உடம்பில் சேராது. டீ, காப்பிக்கும் மாத்திரைக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது. இரும்பு இரவில், எலுமிச்சைச் சாறோடு. கால்சியம் காலைச் சாப்பாட்டோடு. மலம் கறுப்பது இயல்புதான். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிதான்.

கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். 102க்கு அழைத்தாலும் பதியலாம். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் மகப்பேறு உதவித்தொகைக்கும் அது வேண்டும். பிரசவம் கேரளாவில் நடந்தால் பிறப்பை அங்கேதான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஊருக்கு வந்து பதிய முடியாது. பெயரின் எழுத்துக்கூட்டை அங்கேயே சரிபாருங்கள். மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது முருகேஸ்வரி என்னென்னவோ ஆகிவிடுகிறாள்.

டிபி மருந்து மேலே தொடங்கியது. இங்கே மாற்ற முடியுமா?

முடியும். டிபி நோயாளிக்கு அரசு தரும் பதிவு எண்ணான நிக்ஷய் எண் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், அதைச் சொன்னால் இங்குள்ள அரசு மையத்துக்கு மாற்றிவிடுவார்கள். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். மாற்றும் நாளுக்கு முன் குறைந்தது இரண்டு வார மாத்திரையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மருந்தால். பயந்து நிறுத்த வேண்டாம். கண் மஞ்சளானால் அன்றே வாருங்கள்.

லீவு சர்டிபிகேட் பின்தேதி போட்டுத் தருவீர்களா?

மாட்டோம்.

ரிப்போர்ட் வாட்ஸப்பில் வருமா? உபயோகித்த ஊசியை என்ன செய்வது?

காலையில் கொடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் அன்று மாலை 6 மணிக்குள் நீங்கள் கொடுத்த எண்ணுக்கு வரும். வீட்டில் ஒரே போனைப் பலர் பார்ப்பதாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், நேரில் தருகிறோம். சுகர் 70க்குக் கீழோ 400க்கு மேலோ இருந்தால் செய்திக்குக் காத்திராமல் நாங்களே கூப்பிடுவோம். மலையில் டவர் கிடைக்காது என்பதால் வீட்டிலிருக்கும் இன்னொருவர் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். இன்சுலின் ஊசியை மூடி மாட்டாமல் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, முக்கால் பாகம் நிரம்பியதும் மூடியைத் திருகி இங்கே கொண்டுவாருங்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குக் கீழே அதற்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறோம்.